ஆமென் வரை நிற்கும் பசை

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒருவர் இறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எனக்குத் தெரிந்துவிடும். ராஜபாளையம் தென்காசி ரோட்டில் போஸ்டர் கடை வைத்திருக்கிறேன். பெயர் சேக் முகைதீன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் உருவாகின்றன. ஃப்ளெக்ஸ் வந்ததும் போஸ்டர் ஒழிந்துவிடும் என்று சொன்னவர்கள் சிலருக்கு நானே அஞ்சலி போஸ்டர் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இந்தத் தொழிலில் நாங்கள் மூன்று பேர். எழுதுகிறவன் நான். ஒட்டுகிறவர் பொன்னுராஜ். பசை காய்ச்சுகிறவர் பொன்னுராஜின் மனைவி கிருபாபாய். என்னையும் பொன்னுராஜையும் மாற்ற வேண்டுமென்றால் பத்து நாளில் வேறு ஆள் கிடைத்துவிடும். கிருபாபாயை மாற்ற முடியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பது வருடம் ஆயிற்று. அதுவும் யோக்கியமான வழியில் கண்டுபிடிக்கவில்லை.

கிருபாபாய் சுந்தரபாண்டியத்தில் பிறந்தவர். எட்டாவது வரை படித்துவிட்டு, பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற இடத்தில் நான்கு வருடம். மாவும் தண்ணீரும் நெருப்பும் சேர்ந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை அந்த நான்கு வருடத்தில் தெரிந்துகொண்டு, பொன்னுராஜைக் கட்டிக்கொண்டு மலையடிப்பட்டிக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு முன்னால் நான் கடை போட்டதும் எனக்குப் பசை காய்ச்ச ஆரம்பித்தார். இப்போது அறுபத்திரண்டு வயது. இடது முழங்கையில் பசை தெறித்த தழும்பு ஒன்று உண்டு. பரோட்டா சாப்பிட மாட்டார். கேட்டால், "மைதா எம்புட்டு ஒட்டும்னு எனக்குத் தெரியும் பாய், வயித்துல எதுக்கு போஸ்டர் ஒட்டணும்?" என்பார்.

அவர் தன் வீட்டுப் பின்கட்டில் பசை காய்ச்சுகிற முறை இது. வெதுவெதுப்பான தண்ணீரில் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் ஊற விடுவார். பிறகு சிறு தீயில் அண்டாவை ஏற்றி வேப்பங்கட்டையால் விடாமல் கிண்டுவார். மாவு வெந்து கண்ணாடியாக வரும்போது கட்டையை அண்டாவின் நடுவில் செங்குத்தாக நிறுத்திவிட்டுக் கையை எடுப்பார். எடுத்ததும் வாய்க்குள் பரமண்டல ஜெபத்தைத் தொடங்குவார். ஆமென் வரை கட்டை சாயாமல் நின்றால் பசை தயார். ஆறிய பிறகு கடைசியாக மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றுவார். அந்த நீல உப்பு இருந்தால் ஆடு மாடு போஸ்டரைத் தின்னாது.

"ஒருநாள் ஜெபத்தை வேகமா சொல்லிட்டா பசை தப்பாயிருமேக்கா" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஆண்டவர்கிட்ட வேகமா பேசலாமா பாய்?" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

சபையில் அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. மலையடிப்பட்டி சபைப் பெண்கள் தினமும் சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். கைப்பிடி அரிசி என்று பெயர். ஆளில்லாத கிழடுகளுக்குப் போகிற அரிசி. அந்த அரிசி டிரம்மின் சாவி பதினெட்டு வருடமாகக் கிருபாபாயின் இடுப்பில் இருந்தது. மலையடிப்பட்டியில் அது கலெக்டர் உத்தியோகத்துக்குக் கொஞ்சம் மேலே.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நஸீபா பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு மாவு மில்லின் லேபில் வேலை பார்க்கிறாள். போன செப்டம்பரில் ஒருநாள், "அத்தா, எங்க மில்லுல ஒரு லாட் மைதா ஒதுக்கியிருக்காங்க. பேக்கரிக்கு ஆகாதாம். பசைக்கு ஆகும். வாங்கிக்கிறீங்களா?" என்றாள். சாப்பிட ஆகாதது ஒட்ட ஆகும் என்பது உலகத்தில் பலருக்கும் உள்ள நம்பிக்கை. எனக்கும் இருந்தது. இருபது மூட்டை வாங்கி இறக்கினேன்.

டிசம்பரில் அந்த மூட்டையைப் பிரித்தோம். மறுநாளே கிருபாபாய் கடைக்கு வந்தார்.

"பாய், புது மாவு சரியில்ல. கட்டை நிக்க மாட்டேங்குது. ஜெபத்துல அப்பம் கேக்குற எடத்துக்கு வரங்குள்ள சாஞ்சிருது."

அன்று எனக்கு நான்கு கல்யாண வேலை. "மழைக்காலம்கா. எல்லாந்தான் சாயும்" என்றேன். அவர் போய்விட்டார். மிச்சமிருந்த பழைய மாவைக் கலந்து கலந்து கிறிஸ்துமஸ் வரை ஒப்பேற்றியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூரில் சோலைச்சாமி என்கிற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் காலமானார். நூற்றைம்பது போஸ்டர். பழைய மாவு தீர்ந்துபோய், முழுக்கப் புது மாவில் காய்ச்சிய முதல் அண்டா அது. பொன்னுராஜ் காலையில் ஒட்டிவிட்டு வந்தார். பத்து மணிக்கு வெயில் ஏறியது. சோலைச்சாமி தலையில் இருந்து கழன்றார். கோர்ட்டு வாசலில் இடுப்பு வரை மடங்கி, கீழே அச்சடித்திருந்த தன் பெயரையே குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் முழுதாக இறங்கிப் பால்கோவா கடை வாசலில் படுத்துவிட்டார். ஒரு போஸ்டர் மதுரை பஸ்ஸின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு கிருஷ்ணன்கோவில் வரை போனதாகக் கேள்வி. உயிரோடு இருந்தபோது அவர் ஓட்டிய அதே ரூட்.

அவருடைய மகன் கடைக்கு வந்து எதுவும் சத்தம் போடவில்லை. "எங்க அப்பா யாருக்கும் தலைகுனிஞ்சதில்ல பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். போடாததால் அந்த எரிச்சலை வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லாமல் போயிற்று. நேரே ரஃபீக்கின் டீக்கடைக்குப் போனேன்.

கிருபாபாய் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு டப்பா டைமண்ட் பிஸ்கட் வரும். மைதாவில் சீனி போட்டுப் பிசைந்து, சதுரம் சதுரமாக வெட்டி எண்ணெயில் பொரிப்பது. எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி அங்கே போகும். முப்பது வருட வழக்கம். அந்த வருடமும் வந்திருந்தது. நானும் மூன்று நாளாகத் தின்றுகொண்டிருந்தேன். டீக்கடையில் பொன்னுராஜ் உட்பட ஆறேழு பேர் இருந்தார்கள். யாரோ பசையைப் பற்றிக் கேட்டார்கள். நான் சொன்னேன்:

"கிறிஸ்துமஸுக்கு ஊரெல்லாம் டப்பா டப்பாவா டைமண்ட் பிஸ்கட் போகுதே, மாவு வானத்துல இருந்தா விழுது? அண்டாவுல கொறஞ்சாத்தானே டப்பாவுல நெறையும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரஃபீக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான். பொன்னுராஜ் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார். சொன்ன உடனேயே தப்பு என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் எல்லோரும் சிரித்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். என் சுபாவம் அப்படி. அதற்காகப் பெருமைப்படவில்லை.

சாயங்காலம் கிருபாபாய் கடைக்கு வந்தார்.

"டீக்கடையில நீங்க சொன்னதா எங்க வீட்டுக்காரவுக சொல்லுதாக. நெசமா பாய்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்பும் கேட்டிருக்கலாம். "பசை நிக்கலையேக்கா" என்றேன்.

அவர் அழவில்லை, திட்டவில்லை. "இனி அண்டா ஏத்த மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றார். போய்விட்டார்.

மலையடிப்பட்டிக்கு ஒரு பேச்சு போய்ச்சேர பஸ் தேவையில்லை. வருடப்பிறப்பு ஆராதனை முடிந்ததும் சபைப் பெண்கள் நான்கு பேர் அவரிடம் வந்து, கைப்பிடி அரிசிச் சாவியை இந்த வருடம் பாண்டிசெல்வி வைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னார்களாம். யாரும் காரணம் சொல்லவில்லை. கிருபாபாயும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. கல்யாணமாகி வந்த நாற்பது சொச்சம் வருடத்தில் பிரசவத்துக்குத் தவிர அவர் ஆராதனைக்குப் போகாமலிருந்தது அதுதான் முதல் தடவை என்று பொன்னுராஜ் என்னிடம் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இதற்கிடையில் பசையை நானே காய்ச்சினேன். மாவு குறைந்ததுதான் காரணம் என்பது என் கட்சி அல்லவா, அதனால் இரண்டு பங்கு மாவு போட்டேன். முதலில் களிபோல இருந்தது. ஆறும்போது கஞ்சியானது. அதை வைத்து ஒட்டிய கல்யாண போஸ்டரில் மாப்பிள்ளை மட்டும் கழன்று விழ, பெண் தனியாகச் சுவரில் நின்றாள். பெண் வீட்டார் ஜோசியரைப் பார்க்கப் போனார்கள். அப்போதும் நான், பொன்னுராஜ் ஒட்டப் போன இடத்தில் தண்ணீரை அதிகம் ஊற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஒருவனுக்குப் பிடிவாதம் பிடித்துவிட்டால் அதுவே அவனுக்குச் சோறு போடுகிற மாதிரி நடந்துகொள்வான்.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது இதையெல்லாம் வீட்டில் புலம்பினேன். நஸீபா சாப்பாட்டை நிறுத்தினாள்.

"எந்த மூட்டை அத்தா?"

"நீ சொல்லி வாங்கினதுதான்."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகம் மாறியிருந்தது.

அவள் சொன்னது இதுதான். மில்லுக்கு வருகிற ஒவ்வொரு லாட் கோதுமையிலும் கொஞ்சம் அரைத்து, அந்த மாவைத் தண்ணீரில் கலக்கி ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கொதிநீரில் நிறுத்துவார்கள். மாவு வெந்து பசையாகும். அதற்குள் ஒரு கம்பியை விடுவார்கள். அது பசையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று மெஷின் எண்ணும். நல்ல மாவு என்றால் இருநூற்றைம்பதுக்கு மேலே. இந்த லாட்டுக்கு நூற்றுப் பத்து.

"கோதுமைக்குள்ள அமைலேஸ்னு ஒரு என்சைம் இருக்கு அத்தா. மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குறது அதோட வேலை. மணி முளைக்கும்போது குருத்துக்குத் தீனி வேணும்ல, அதுக்காக உள்ளது. மழையில நனைஞ்சு முளைவிட்ட கோதுமையில அது கூடுதலா இருக்கும். அதுன்னா பாத்தாலே தெரிஞ்சிரும். இது முளைக்காத கோதுமை."

"முளைக்காததுல எப்படி வந்துச்சு?"

"பரம்பரை. சில ரகத்துல ஜீன் அப்படி அமைஞ்சிருக்கு. மணி முத்துற நேரத்துல திடீர்னு குளிர் அடிச்சா, முளைக்காமலே என்சைமை உண்டாக்கி வச்சிரும். வெளிய பாத்தா மணி நல்லாத்தான் இருக்கும். எல்லா ரகமும் அப்படிச் செய்யாது. பக்கத்து வயல்ல வேற ரகம் நின்னுச்சுன்னா அதுக்கு ஒன்னுமே ஆயிருக்காது."

நான் இதை என் பாஷையில் மாற்றிப் பார்த்தேன். வடக்கே ஏதோ ஒரு வயலில் ஒரு கோதுமைக்குக் குளிர் அடித்திருக்கிறது. அதன் பாட்டன் முப்பாட்டன் கொடுத்த புத்தி, முளைக்கப் போகிறோம் என்று எண்ணி அவசரப்பட்டு அடுப்பைப் பற்றவைத்துவிட்டது. அதன் விளைவாக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் சோலைச்சாமி தலை குனிந்தார்.

"அப்ப ரெண்டு பங்கு மாவு போட்டேனே?"

"ரெண்டு பங்கு என்சைமும் போட்டிருக்கீங்க. வெதுவெதுப்புல ஊறப்போட்டு மெதுவா சூடு ஏத்துனா அதுக்குக் கொண்டாட்டம். கொதி வந்தாத்தான் சாகும். அதுக்குள்ள வேலைய முடிச்சிரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "பசைக்கு அனுப்பலாம்னு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான் அத்தா. பசைக்கும் இதே கணக்குத்தான்னு எனக்குத் தோணல."

என் மனைவி மைமூன் அதுவரை பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கிருபாபாயின் டைமண்ட் பிஸ்கட் பத்துப் பன்னிரண்டு மிச்சம் இருந்தது.

"மாவுச்சத்து சர்க்கரையானா எண்ணெயில போட்டதும் கருக்கணுமே. இது வெள்ளையா இருக்கே" என்றாள்.

நஸீபா அவளைப் பார்த்தாள். இருவரும் எழுந்தார்கள். கடைக் குடோனிலிருந்து ஒரு கிண்ணம் மாவு வந்தது. கிருபாபாய் செய்கிற அதே அளவில் மைமூன் பிசைந்து, ஊறவைத்து, வெட்டி, எண்ணெயில் போட்டாள். போட்ட மாத்திரத்தில் பழுப்பாகி, எடுப்பதற்குள் கருத்துவிட்டது. இரண்டையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள். ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. பழைய மாவோ பசைக்கே பற்றியிருக்கவில்லை. கிருபாபாய் என் மாவைத் தொடவில்லை என்பதற்கான சாட்சியை மூன்று வாரமாக நானே தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"சாப்பிடுங்க" என்றாள் மைமூன். நான் சாப்பிடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, வாய்விட்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் பொன்னுராஜ் வந்ததும் அவரை முன்னே அனுப்பிவிட்டு, நஸீபாவையும் ஒரு பை மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையடிப்பட்டிக்குப் போனேன். கிருபாபாய் ரேஷன் அரிசியைச் சுளகில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நஸீபாவுக்கு நாற்காலி போட்டார். எனக்குப் போடவில்லை. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கல் பொறுக்குவதை நிறுத்தாமலே கேட்டார். ஒரே ஒரு இடத்தில்தான் கை நின்றது.

"கம்பி விழுறத மெஷின் எண்ணுமா? என்னத்தச் சொல்லி எண்ணும்?"

"ஒன்னும் சொல்லாது பெரியம்மா. சும்மா வினாடி எண்ணும்."

"சும்மாவா எண்ணுது" என்றார். மெஷினுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டது போல இருந்தது.

"கோளாறு என்சைம்னாலதானான்னு தெரிஞ்சிக்கணும்னா வெள்ளியில செஞ்ச ஒரு உப்பக் கலந்து பாப்போம் பெரியம்மா. அது என்சைமக் கட்டிப்போட்டிரும். பொறவு அதே மாவு நல்லா நிக்கும்."

கிருபாபாய் சுளகைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கு நாம எங்க போக? துத்தம் கட்டிப்போடாதா? அது செம்புல உள்ளதுதானே."

"போடலாம்" என்றாள் நஸீபா. "தெரியல. பாத்தாத்தான் தெரியும்."

"கடைசியில ஊத்துறத மொதல்ல ஊத்தணும். அம்புட்டுத்தானே" என்று சொல்லிக்கொண்டே கிருபாபாய் பின்கட்டுக்குப் போய்விட்டார். பசைக்கென்றே ஒதுக்கிவைத்திருந்த பழைய சட்டியை மூன்று கல்லில் ஏற்றினார். துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, அதற்குப் பிறகு மாவைப் போட்டார். ஊறவைத்தார், கிண்டினார். பசை வெந்ததும் ஒரு வேப்பங்குச்சியை நடுவில் நிறுத்திக் கையை எடுத்தார். உதடு அசைந்தது. நஸீபா செல்போனில் வினாடி எண்ணினாள். நானும் பொன்னுராஜும் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆமென் வந்தது. குச்சி நின்றது. அவர் இரண்டாம் தடவை ஜெபத்தைத் தொடங்கினார். அதற்கும் நின்றது.

நஸீபா அந்த அளவையெல்லாம் குறித்துக்கொண்டாள். மறுநாள் லேபில் அதே மாதிரி செய்து பார்த்தபோது நூற்றுப் பத்து இருநூற்று நாற்பதுக்கு ஏறியதாம். அவளுடைய மேனேஜர், இது யார் சொன்ன முறை என்று கேட்டாராம். இவள் கிருபாபாயின் பெயரைச் சொன்னதும், எந்தக் காலேஜ் என்று கேட்டாராம்.

அது மறுநாள் கதை. அன்று கிருபாபாய் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"மாவு அதோட பொறப்புப்படி நடந்துச்சு. ஒங்க மகளுக்கு வெவரம் தெரியல, அதுவும் தப்பில்ல. எங்கிட்டயும் தப்பில்ல. பொறவு யாருட்ட பாய் தப்பு?"

"எங்கிட்டதான்கா. மன்னிச்சிருங்க."

"இத வீட்டுக்குள்ள வந்து சொல்லுதீக. அத டீக்கடையில வச்சுச் சொன்னீக" என்றார். சட்டியைக் கழுவ உட்கார்ந்துவிட்டார்.

டீக்கடைக்குப் போய் நான் சொல்லியிருந்தால் அங்கே இருந்த ஆறு பேருக்குத் தெரிந்திருக்கும். மலையடிப்பட்டிக்குப் போன பேச்சைத் திருப்பிக் கூப்பிட முடியாது. ஊருக்கு ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

வாசகத்தை நானே எழுதினேன். "மன்னிப்பு. மலையடிப்பட்டி திருமதி கிருபாபாய் பொன்னுராஜ் அவர்களைப் பற்றி நான் டீக்கடையில் சொன்னது பொய். பசை நிற்காததற்குக் காரணம் கோதுமையின் பரம்பரைக் குணம். அவர்கள் ஒரு பிடி மாவுகூட எடுத்தவர்கள் அல்ல. இப்படிக்கு, சேக் முகைதீன், போஸ்டர் கடை." போட்டோ பொன்னுராஜ் கொடுத்தார். ஏதோ அட்டைக்காக எடுத்தது. சிரிப்பு இல்லாமல் நேரே பார்க்கிற படம். எழுத்தைவிட முகம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்மணியின் படம் ஒன்றை நடுவில் வைத்தால் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் கரை போடுவது முப்பது வருடப் பழக்கம். கை அதுபாட்டுக்குப் போட்டுவிட்டது. விளக்குப் படத்தை எடுத்துவிட்டேன். "தோற்றம், மறைவு" இரண்டையும்கூட எடுத்துவிட்டேன். எல்லாம் சரியாக இருப்பதாகவே எனக்குப் பட்டது.

அறுபது போஸ்டர். துத்தத்தை முதலில் போட்டுப் பொன்னுராஜே பசை காய்ச்சினார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் இரண்டு ஊரிலும் ஒட்டி முடித்தார்.

போஸ்டரை யாரும் படிப்பதில்லை. பார்க்கிறார்கள். இதை இத்தனை வருடம் தொழில் செய்த நான் யோசித்திருக்க வேண்டும்.

எட்டரை மணிக்கு எனக்கு முதல் போன் வந்தது. "பாய், கிருபாக்கா எப்ப? நேத்துகூட ரேஷன் கடையில பாத்தேனே." வண்டியை எடுத்துக்கொண்டு மலையடிப்பட்டிக்குப் பறந்தேன். வீட்டு வாசலில் முப்பது பேர் இருந்தார்கள். ரஃபீக் ரோஜா மாலையோடு நின்றான். சபைப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார்கள். அப்போதுதான் ஒட்டிவிட்டு வந்த பொன்னுராஜ், கையில் பசை வாளியோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பார்க்கிறவர்களுக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

"அவிய ஒரு பிடி மாவத் தொட்டிருப்பாகளா?" என்று ரஃபீக் பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டான். "எவனோ ஒருத்தன் நாக்குல நரம்பில்லாம பேசுனதக் கேட்டுச் சிரிச்சேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்." அந்த எவனோ ஒருத்தன் அவனுக்குப் பின்னால் வண்டியை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தான்.

பாண்டிசெல்வி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "சாவிய வாங்குனோமே, அந்தக் கவலையிலதான் போயிட்டாக. பதினெட்டு வருசத்துல ஒரு மணி அரிசி கொறஞ்சதில்லையே!"

கிருபாபாய் அடுப்படியில் இருந்திருக்கிறார். பொன்னுராஜ் உள்ளே ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னபோது, "செத்த நேரம் இருங்க. பேசட்டும்" என்று சொல்லிவிட்டு டீக்குத் தண்ணீர் ஏற்றினாராம்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து கத்தினேன். "ஏலே, போஸ்டரைப் படிங்கலே! அக்கா நல்லாத்தான் இருக்காக!"

சொல்லி வாய் மூடுவதற்குள் கிருபாபாய் தட்டு நிறைய டீ டம்ளரோடு வெளியே வந்தார். ஒரு பெண் வீறிட்டுக் கத்தினாள். இரண்டு பேர் பின்வாங்கினார்கள். அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "உக்காருங்க. சீனி கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், இம்புட்டுப் பேரு வருவீகன்னு தெரியாது" என்றார்.

பாண்டிசெல்வி டீயை வாங்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி அவருடைய தட்டில் வைத்தாள். ரஃபீக் மாலையை என்ன செய்வதென்று கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு, என் வண்டி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுப் போனான்.

நான் போஸ்டர்களைக் கிழிக்கப் புறப்பட்டேன். முடங்கியார் ரோட்டில் முதல் போஸ்டரின் ஓரத்தில் விரலை வைத்து இழுத்தேன். வரவில்லை. வண்டிச் சாவியால் சுரண்டினேன். கத்தியால் சுரண்டினேன். சுண்ணாம்பு வந்தது, காகிதம் வரவில்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கிருபாபாய் பொன்னுராஜோடு நின்றுகொண்டிருந்தார்.

அவர் சுவரருகே வந்தார். தன் முகத்தைப் பார்த்தார். கீழே இருந்ததை எழுத்துக் கூட்டாமல், நிதானமாக, உதடு அசைய முழுவதும் படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

"தண்ணி ஊத்தி ஊறவச்சு எப்படியும் சுரண்டிருவேன்கா" என்றேன். "ஊரே நீங்க போயிட்டதா நெனைக்குது."

"இருக்கட்டும் பாய்" என்றார் கிருபாபாய். "நான் போய்ச் சேந்த பொறவு ஒட்டுனா, நான் எங்க வந்து படிக்க?"